கீழே இருந்து மூன்று தட்டு

“…கம்பு உடைஞ்சா வேற கம்பு வாங்கிக்கறேன். உன் பொண்ணு கால் உடைஞ்சா எங்க போய் வாங்குவ?”

“என் பொண்ணு காலைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம் அக்கா. அது நல்ல கால்.”

“நல்ல கால்னு எனக்குத் தெரியாதா? ஒரு மாசமா என் நெஞ்சு மேலதானே நிக்குது!”

“நிக்கல. குதிக்குது. குதிக்கச் சொல்லித்தான் எழுதிக் கொடுத்திருக்காங்க.”

“என் தூக்கத்தைக் கெடுக்கறதுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்த மகராசி யாரு? கூட்டிட்டு வா. நானும் அவளுக்கு ஒரு சீட்டு எழுதித் தரேன்.”

காலை ஏழரை மணி. படிக்கட்டின் கீழ்ப்படியில் மூத்தவள் நின்றிருந்தாள். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்ற கால்கள், அவிழ்ந்த கொண்டை, கையில் ஒட்டடைக் கம்பு. கம்பின் நுனியில் கூரைச் சுண்ணாம்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது. படிக்கட்டு வளைகிற இடத்தில் இளையவள் நின்றிருந்தாள். அவள் கையில் ஒரே ஒரு சின்ன ஷூ. இன்னொரு ஷூ மேலே, அதைப் போட்டுக்கொள்ள வேண்டிய காலோடு சுற்றிக்கொண்டிருந்தது.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அப்பா இந்த வீட்டைப் பிரித்துக் கொடுத்திருந்தார். கீழ்ப்பகுதி மூத்தவளின் புருஷனான அண்ணனுக்கு, மாடி இளையவளின் புருஷனான தம்பிக்கு. படிக்கட்டைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுதி வைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் சண்டைகள் எல்லாம் படிக்கட்டில் நடந்தன.

மூத்தவள் தீவிர சிகிச்சை வார்டில் இரவு நர்ஸ். வாரத்தில் நான்கு இரவு வேலை. காலை ஏழு மணிக்குள் வீடு திரும்பி, முகம் கழுவி, படுக்கையில் விழுவாள். எந்தெந்தக் காலையில் தூங்குவாள் என்பதைக் காட்ட, மாதாமாதம் தன் டியூட்டி சார்ட்டை வாசல் கதவிலேயே ஒட்டிவிடுவாள். தூங்கும் நாட்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே கொட்டை எழுத்தில்: ‘மணி அடித்தால் நான் பொறுப்பல்ல.’ தபால்காரர்கூட அந்த வட்டங்களைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் திறப்பார். மதிக்காதது மாடி மட்டும்தான்.

அவளுடைய கட்டில் இருந்த அறைக்கு நேர் மேலேதான் மாடியின் கூடம். கூடத்தில்தான் பம்பரம் குதித்தாள்.

பம்பரம் என்பது அவளுடைய அப்பா வைத்த பேர். வயது ஆறு. ஓர் இடத்தில் நிற்பது என்பது அவள் உடம்புக்குத் தெரியாத பாஷை. சட்டைக் காலரைக் கடிப்பாள், பென்சிலின் பின்பக்கத்தைக் கடிப்பாள், கடிக்க ஒன்றும் இல்லையென்றால் தன் மணிக்கட்டையே கடிப்பாள். சோபாவின் மேலிருந்து தரைக்கு, தரையிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து யார் மடி காலியாக இருக்கிறதோ அங்கே. வந்து மோதுவாள். அவளைக் கட்டிப்பிடித்தால், “இன்னும் அழுத்தி, இன்னும் அழுத்தி” என்பாள். எலும்பு நொறுங்கும் அளவுக்கு அழுத்தினால்தான் முகம் மலரும்.

மூன்றாவது பிறந்த நாள் அன்று, கேக் வெட்டி முடித்த கையோடு, இருபது பேர் முன்னால் மூத்தவள் சொன்னாள்: “இந்தக் குழந்தை உடம்புக்கு ஏதோ பத்தலை. அதான் போய்ப் போய் மோதிக்குது. நல்ல டாக்டரா பாத்துக் காட்டுங்க.” இளையவள் கையில் இருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று வருடம் கழித்து டாக்டரும், அவர் அனுப்பிய தெரபிஸ்டும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். ஓரகத்தி தப்பாகச் சொல்லியிருந்தால் இளையவள் என்றைக்கோ மன்னித்திருப்பாள். அவள் சொன்னது சரியாகப் போனதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

தெரபிஸ்ட் சின்னப் பெண். சிரித்த முகம். வீட்டில் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தாள். தாள் சமையலறைச் சுவரில் இருந்தது. மூன்று கிலோ பையைத் தூக்கிக்கொண்டு கூடத்தை நாலு சுற்று. சுவரை இரண்டு கையாலும் தள்ளி, பத்து எண்ணும் வரை. போர்வையில் இறுக்கிச் சுருட்டி உருட்டுவது. கெட்டியான மாவைப் பிசைவது. கடைசியில், பெரிய எழுத்தில்: பள்ளிக்குப் போகும் முன் இருபது நிமிடம் உயரத்திலிருந்து குதிப்பது. “அவளுக்கு இது விளையாட்டு இல்லைங்க, சாப்பாடு மாதிரி” என்றாள் தெரபிஸ்ட். “பசியோட ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க.”

ஸ்கூலும் ஒரு தாள் கொடுத்திருந்தது. அதில் சிரிப்பு இல்லை. முதல் பீரியட் முழுக்க உட்காரப் பழக வேண்டும். பிற பிள்ளைகள் மேல் போய் விழக் கூடாது. ஒன்றரை மாதம் பார்ப்பார்கள். அதற்கப்புறம் தலைமை ஆசிரியை தானே வந்து ஒரு காலை வகுப்பில் உட்காருவார். சரிப்படவில்லை என்றால் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று வேறு பள்ளி இருக்கிறது, விடுதியோடு. பஸ்ஸில் மூன்று மணி நேரம். சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்துகொள்ளலாம். “நல்ல இடம்” என்றார் தலைமை ஆசிரியை. நல்ல இடம் என்று சொன்னபோது அவர் இளையவள் முகத்தைப் பார்க்கவில்லை, மேசையிலிருந்த கிளிப்பைப் பார்த்துச் சொன்னார்.

அதற்காக ஒரு நோட்டு. வகுப்பு டீச்சர் தினமும் அதில் ஒரு கட்டத்தை நிரப்பி அனுப்புவாள். முதல் பீரியட் ஒழுங்காகப் போனால் பச்சை. இல்லையென்றால் சிவப்பு.

ஆகவே ஏழு மணிக்கு மாடியில் குதியாட்டம் தொடங்கும். தொம். தொம். தொம். சரியாக ஏழே காலுக்குக் கீழேயிருந்து ஒட்டடைக் கம்பு பதில் சொல்லும். இடி! இடி! இடி! மூன்று தட்டு. மூத்தவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. வார்டில் நின்ற இதயத்தை இரண்டு கையாலும் அமுக்கி ஓட வைக்கிறவள். அந்தக் கையால் கம்பைப் பிடித்துக் கூரையைக் குத்தினால் மாடியில் டம்ளர் நகரும்.

உடனே பம்பரம் குதிப்பதை விட்டுவிட்டுத் தரையில் குப்புற விழுவாள். கையையும் காலையும் பல்லி மாதிரி விரித்து, கன்னத்தைத் தரையோடு ஒட்டவைத்து, உள்ளங்கையால் திருப்பி மூன்று தட்டு தட்டுவாள். கீழிருந்து மறுபடி மூன்று, இன்னும் பலமாக. மேலிருந்து மூன்று.

“பாத்தியா, பழிப்பு காட்டச் சொல்லிக் கொடுத்திருக்கா!” என்று கீழே கத்தல் கேட்கும்.

“எழுந்திருடி, பெரியம்மா திட்டறா” என்று இளையவள் மகளைத் தூக்குவாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்குக் கொஞ்சம் இனித்தது. என்னால் திருப்பி அடிக்க முடியவில்லை, என் பெண்ணாவது அடிக்கிறாளே என்று இருந்தது. நாலைந்து தடவை இந்தத் தட்டல் சண்டை நடந்து கீழே ஓய்ந்த பிறகு, பம்பரம் தானாக எழுந்து உட்கார்ந்து ஷூவுக்குக் காலை நீட்டுவாள். குதித்த களைப்பு என்று நினைத்துக்கொண்டாள் இளையவள்.

அன்று படிக்கட்டில் சண்டை அதோடு முடியவில்லை.

“நேத்து ராத்திரி என்ன நடந்துச்சு தெரியுமா?” என்றாள் மூத்தவள். கம்பைத் தரையில் ஊன்றி அதன் மேல் சாய்ந்துகொண்டாள். “மூணாம் கட்டிலுக்கு ஏத்த வேண்டிய மருந்தை நாலாம் கட்டில் வரைக்கும் கொண்டு போயிட்டேன். ஊசியைக் குத்தற நேரத்துல பேரைப் படிச்சேன். பதினெட்டு வருஷத்துல முதல் தடவை. நாலாம் கட்டில் ஆளுக்கு ஏதாவது ஆகியிருந்தா, உன் பொண்ணு குதிச்சதால ஆச்சுன்னு அவன் பெண்டாட்டிகிட்ட நான் போய்ச் சொல்லவா?”

இளையவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் இறங்கிப் பேச வாய் வரவில்லை. “அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? அவளைக் கட்டியா போட முடியும்?”

“போடேன். ஒரு மணி நேரம் கட்டிப் போட்டா ஒண்ணும் செத்துட மாட்டா.”

சொன்ன பிறகு மூத்தவளும் ஒரு கணம் நின்றாள். ஆனால் விட்ட வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. சிவப்பு வட்டம் போட்ட சார்ட் கதவில் ஆடி நின்றது.

இளையவள் மேலே வந்து ஷூவை மாட்டிவிட்டாள். “அம்மா, அழுத்திக் கட்டு” என்றாள் பம்பரம். “இன்னும் அழுத்தி.”

இளையவளுக்கு வேலை மெத்தைப் பட்டறையில். பஞ்சுப் பாளங்களை அளவுக்கு அறுப்பவள். பெருவிரலால் ஒரு பாளத்தை அமுக்கிவிட்டு, அது எத்தனை நொடியில் எழுந்து வருகிறது என்று பார்த்தே தரத்தைச் சொல்லிவிடுவாள். மனிதர்களையும் அப்படித்தான் அளந்தாள். புருஷன் அமுக்கினால் அமுங்கியே கிடக்கும் ரகம். ஓரகத்தி விரலே இறங்காத ரகம். மகள், விரல் வைக்கும் முன்னாலேயே துள்ளிவிடும் ரகம்.

‘கட்டிப் போடு’ என்ற சொல் நாள் முழுக்க பஞ்சு அறுக்கும் எந்திரத்தின் இரைச்சலுக்குள் ஓடியது. மதியம் அவள் முடிவு செய்துவிட்டாள். இனி அந்தக் கம்பைத் தொட ஓரகத்திக்கு ஒரு காரணமும் இருக்கக் கூடாது. குறை சொல்ல வாயே திறக்க முடியாதபடி செய்துவிட வேண்டும்.

பட்டறை முதலாளி, ஓரத் துண்டுகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவளும் புருஷனும் கூடத்தைக் காலி செய்தார்கள். அடியில் கனத்த ரப்பர் விரிப்பு. அதன் மேல் கெட்டிப் பஞ்சு, நாலு விரல் உயரம். அதற்கு மேல் மெதுவான பஞ்சு, இன்னும் நாலு விரல். துண்டும் துண்டும் சேரும் இடம் ஒன்றன் மேல் ஒன்று வராதபடி, செங்கல் அடுக்குவது போல மாற்றி மாற்றி. சுவரோரம் ஒரு மயிரிழை இடம் விட்டாள், சத்தம் சுவர் வழியாகவும் இறங்கக் கூடாது என்று. மேலே தடித்த துணி. கைதேர்ந்த வேலை. கடைக்காரனுக்குக்கூட அவள் இவ்வளவு பார்த்துச் செய்ததில்லை.

“கட்டில் இல்லாத மெத்தை மாதிரி இருக்கு. கூடமே படுக்கையாயிடுச்சு” என்றான் புருஷன். அவன் அச்சகத்தில் வேலை பார்ப்பவன். எதையும் மெதுவாகத்தான் சொல்வான். “அண்ணி சந்தோஷப்படுவாங்க.”

“உங்க அண்ணி சந்தோஷப்படறதுக்காக நான் முதுகு ஒடியலை. அவ மூக்கு உடையணும்.”

திங்கட்கிழமை காலை பம்பரம் குதித்தாள். தொம் என்ற சத்தம் இல்லை. தலையணையில் முகம் புதைத்துப் பேசுகிற மாதிரி ஒரு ‘புஃப்’. ஏழே கால் ஆனது. கீழே ஒரு அசைவும் இல்லை. இளையவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஜெயித்த மாதிரி இருந்தது.

ஜெயித்த சந்தோஷம் மூன்று நாள்கூட இருக்கவில்லை. புதன்கிழமை படிக்கட்டில் மூத்தவள் எதிரே வந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு குறைந்திருந்தது. நன்றி சொல்லப் போகிறாளோ என்று இளையவள் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டாள்.

“அப்போ இது உன்னால முடியற காரியம்தான்” என்றாள் மூத்தவள். “முதல் நாள்லேர்ந்தே முடிஞ்சிருக்கும். என்னை ஒரு மாசம் சாகடிச்சுட்டு இப்பச் செய்யற. பெரிய மனசு.”

அந்த வாரம் நோட்டில் ஐந்து கட்டமும் சிவப்பு.

அடுத்த திங்கள், முதல் பீரியட் மணி அடித்த பத்தாவது நிமிடம் பம்பரம் ஒரு பையனின் முதுகில் போய் விழுந்தாள். செவ்வாய், ஒரு பெண்ணின் தோளைக் கடித்தாள். டீச்சர் கட்டத்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்தாள்: ‘போன மாதம் நன்றாக முன்னேறினாளே? வீட்டில் ஏதாவது மாற்றமா?’ அதோடு தலைமை ஆசிரியையிடமிருந்து ஒரு கடிதம். வரும் திங்கட்கிழமை முதல் பீரியடில் அவர் வந்து உட்காருவார்.

வீட்டில் என்ன மாற்றம்? குதிப்பது அதேதான். பை அதேதான், போர்வை, மாவு எல்லாம் அதேதான். இப்போது இன்னும் உயரத்திலிருந்து, இன்னும் நேரம் குதிக்கிறாள். கீழே பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவள் யாரும் இல்லை. எல்லாம் முன்னைவிட நன்றாகத்தான் இருக்கிறது.

புதன்கிழமை காலை சமையலறையிலிருந்து திரும்பிப் பார்த்தபோது கூடத்தில் ‘புஃப்’ நின்றிருந்தது. போய்ப் பார்த்தாள். மூலையில் துணியைப் பிய்த்து, பஞ்சைப் பிய்த்து, ரப்பரை மடக்கி, ஒரு ஆள் முகம் அளவுக்கு வெறுந்தரையைத் தோண்டி எடுத்திருந்தாள் பம்பரம். அதில் கன்னத்தை வைத்துக் குப்புறக் கிடந்தாள். அசையவில்லை. அவ்வளவு அசையாமல் அந்தக் குழந்தையை இளையவள் தூக்கத்தில்கூடப் பார்த்தது கிடையாது.

“என்னடி பண்ற?”

“உஷ். வரும்.”

“என்ன வரும்?”

“பெரியம்மா.” உள்ளங்கையால் தரையை மூன்று தடவை தட்டினாள். காத்திருந்தாள். மறுபடி தட்டினாள். “இங்க வரும்மா” என்று நெஞ்சைக் காட்டினாள். “இங்க வந்து இடிக்கும். அப்புறம் உள்ள நின்னுடும். இப்ப நிக்கவே மாட்டேங்குது.”

இளையவள் நோட்டை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கீழே இறங்கினாள். கதவில் போன மாதத்துச் சார்ட்டும் இந்த மாதத்துச் சார்ட்டும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன. மேல் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக ஒத்துப் பார்த்தாள். ஓரகத்தி வேலை முடிந்து வந்து படுத்த காலை, கம்பு பேசிய காலை, நோட்டில் பச்சை. விடுப்பில் எங்கோ கடைத்தெருவுக்குப் போன காலை, சிவப்பு. வட்டம், பச்சை. வெறும் கட்டம், சிவப்பு. ஒரே ஒரு நாள் மட்டும் தப்பியது. அன்று பம்பரத்துக்குக் காய்ச்சல்.

குதித்ததால் அல்ல. தன் திறமையால் அல்ல. அந்த அச்சடித்த தாளால்கூட அல்ல. தன் பெண்ணை ஒரு மாதம் நாற்காலியில் உட்கார வைத்தது இந்தக் கதவுக்குப் பின்னால் இருந்த வயிற்றெரிச்சல்தான். அதை எட்டு விரல் பஞ்சு போட்டு அடைத்தவள் தான்தான். செங்கல் அடுக்குவது போல மாற்றி மாற்றி அடுக்கி, சுவரோரம் மயிரிழை இடம் பார்த்து விட்டு.

அன்று மாலை பம்பரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து இளையவளே வெறுந்தரையைத் தட்டிப் பார்த்தாள். “இது நீ” என்று பம்பரம் திரும்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை மூத்தவள் வேலையிலிருந்து வரத் தாமதமானது. இளையவளின் புருஷன் கீழே தன் அண்ணனிடம் ஏதோ சாக்குச் சொல்லி உள்ளே போய், துடைப்பத்தின் பின்பக்கத்தால் கூரையைத் தட்டினான். டொக், டொக், டொக். மேலே பம்பரம் தான் தோண்டிய மூலையில் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு சொன்னாள்: “இது அப்பா. பயந்து பயந்து தட்டறார்.”

“எப்படித் தட்டினா என்னடி? தட்டுதானே?”

“பெரியம்மா கோவமாத் தட்டுவா. இதுல கோவமே இல்ல.”

இளையவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு மெத்தையைச் சுருட்டத் தொடங்கினாள். கோபம்தானே வேண்டும்? கோபத்தை வரவழைப்பது ஒன்றும் புது வித்தை இல்லையே. அந்தப் படிப்பில் அவள் தங்கப் பதக்கம் வாங்கியவள். ஒரு இரவில் கூடத்தை முழுக்க உரித்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை, சிவப்பு வட்டம் போட்ட நாள். ஏழு மணிக்கு மூத்தவள் உள்ளே போய்ப் படுத்த சத்தம் கேட்டது. பம்பரம் வெறுந்தரையில் குதித்தாள். தொம். தொம். தொம். இளையவளும் ஓரமாக நின்று இரண்டு தடவை குதித்தாள், குறைவாக இருந்துவிடக் கூடாது என்று. ஏழே கால். ஏழு இருபது. கீழே பிணம் மாதிரி அமைதி. பம்பரம் தரையில் விழுந்து தட்டினாள். காத்திருந்தாள். மறுபடி தட்டினாள். பிறகு தன் மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்தாள்.

இளையவள் படியிறங்கும்போது மூத்தவள் கதவருகே நின்றிருந்தாள். காதில் இரண்டு பஞ்சு உருண்டைகள். ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

“மெத்தையை எடுத்துட்டியா? எதுக்கு, என்னைப் பழையபடி வம்புக்கு இழுக்கவா? குதி. நீயும் குதி. பஞ்சையும் மீறி உன் கால் சத்தமும் கேட்டுச்சு. நான் தட்ட மாட்டேன். கம்பைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டேன். உனக்குச் சமமா நின்னு மல்லுக்கட்டினேன் பாரு, அதான் நான் பண்ணின தப்பு. இனிமே நீயாச்சு, உன் பொண்ணாச்சு.”

“அக்கா…”

“என்ன அக்கா? என் கையால இனி ஒரு தட்டு வாங்க மாட்ட. எழுதி வெச்சுக்கோ.”

அன்றும் சிவப்பு. சனிக்கிழமை பள்ளி இல்லை. பம்பரம் கூடத்தின் சுவரில் தோளால் மோதிக்கொண்டே இருந்தாள். அப்பா அவளைப் போர்வையில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, விடுதிப் பள்ளி அனுப்பிய துண்டுத்தாளைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். அதில் பிள்ளைகள் வரிசையாக நின்று சிரித்தார்கள். படுக்கைகள் வரிசையாக இருந்தன. படுக்கைகளின் பஞ்சு மட்ட ரகம் என்று இளையவளுக்குப் படத்திலேயே தெரிந்தது.

“நான் போய் அண்ணிகிட்டப் பேசட்டா?” என்றான்.

“நீங்க போய்ப் பேசினா அவங்களுக்கு எங்கேர்ந்து கோவம் வரும்? பாவம்னுதான் வரும். அது ஆகாது.”

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு நாளாகச் சாய்ந்து கிடந்த ஒட்டடைக் கம்பை இளையவள் எடுத்தாள். துணியால் துடைத்தாள். நுனியில் இருந்த சுண்ணாம்பை மட்டும் துடைக்கவில்லை. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் மணி அடித்தாள்.

மூத்தவள் கதவைத் திறந்தாள். பின்னால் மேசையில் வெள்ளைச் சீருடை, பாதி இஸ்திரி போட்டபடி. ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். அவள் கண் முதலில் கம்பின் மேல் விழுந்தது.

“என்ன, அடிக்க வந்திருக்கியா? அடி. ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன், வசதியா இருக்கும்.”

“அடிக்க வரல.”

“அப்போ மன்னிப்புக் கேக்கவா? அதுக்குக் கம்பு எதுக்கு?”

“மன்னிப்பும் கேக்க வரல” என்றாள் இளையவள். கேட்கத்தான் வந்திருந்தாள். ஆனால் ஓரகத்தியின் உதட்டோரச் சிரிப்பைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. நோட்டைத் திறந்து நீட்டினாள். “இதைப் பாருங்க. உங்க சார்ட்டை வெச்சுக்கிட்டுப் பாருங்க.”

“உன் பொண்ணு நோட்டை நான் ஏன் பாக்கணும்?”

“நீங்கதானே அவளைக் கட்டிப் போடச் சொன்னீங்க? எதால கட்டிப் போட்டிருந்தீங்கன்னு பாருங்க.”

மூத்தவள் வாங்குவது போல இல்லை. ஆனால் கட்டமும் நிறமுமாக ஒரு தாளைக் கண்டால் படிக்காமல் விட அந்தக் கண்ணுக்குத் தெரியாது. பதினெட்டு வருடமாக அதுதான் வேலை. நின்றபடியே படித்தாள். கதவைத் தன் பக்கம் இழுத்துச் சார்ட்டைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். மேல் தாளைத் தூக்கிப் போன மாதத்தைப் பார்த்தாள். விரல் ஒரு கட்டத்தில் நின்றது.

“இங்க பொருந்தல.”

“அன்னைக்குக் காய்ச்சல் அவளுக்கு.”

விரல் நகர்ந்தது. கடைசி இரண்டு வாரச் சிவப்பின் மேல் மெதுவாகப் போயிற்று. உள்ளே இஸ்திரிப் பெட்டி சூடாகிக் காய்ந்த துணி வாசனை வந்தது. மூத்தவள் திரும்பிப் போய் அதை அணைத்துவிட்டு வந்தாள். முகத்தில் இளக்கம் ஒன்றும் இல்லை.

“நான் இடிக்கறதைக் கேட்டு உன் பொண்ணு குளிர்ந்து போறாளா? நான் தூக்கம் இல்லாம சாகற ஒவ்வொரு நாளும் உனக்குப் பச்சை. நல்லா இருக்கு கணக்கு.”

“எனக்கு இல்ல. அவளுக்கு.”

“மெத்தை போட்டு என் வாயை அடைச்சது யாரு?”

“நான்தான்.”

“அடைக்கும்போது இனிச்சுதா?”

“இனிச்சுது.”

மூத்தவள் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தாள். மேலே, கூடத்தில், பம்பரம் சுவரில் மோதும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். கட்டிலுக்கு மேலே கூரையில் கைப்பிடி அகலத்துக்குச் சுண்ணாம்பு உதிர்ந்து சிமென்ட் தெரிந்தது.

“நாளைக்குத் தலைமை டீச்சர் வந்து உக்காரப் போறாங்க. முதல் பீரியட்” என்றாள் இளையவள். “அதுல தேறலைன்னா விடுதி.”

“அதுக்கு?”

“அவங்க அப்பா தட்டினார், ஒத்துக்கல. நான் தட்டினேன், திரும்பிக்கிட்டா. கோவம் இல்லையாம்.”

“இப்ப என்ன வேணும் உனக்கு? வாயைத் திறந்து சொல்லு. எனக்கு நேரமாகுது.”

இளையவள் கம்பை இரண்டு கையாலும் நீட்டினாள். மூத்தவள் கை கட்டியபடியே நின்றாள். கம்பு இருவருக்கும் நடுவில், வாசற்படிக்கு மேலே, அந்தரத்தில் நின்றது.

“நாளைக்குக் காலையில, ஏழே காலுக்கு. நீங்க வந்து படுக்கறதுக்கு முன்னாடி. பாவம் பாத்துத் தட்டினா அவ கண்டுபிடிச்சுடுவா அக்கா. இந்தப் பத்து வருஷத்துல என் மேல உங்களுக்கு எவ்வளவு இருக்கோ, அவ்வளவையும் சேர்த்து, ஒரு துளி குறைக்காம, மூணே மூணு தட்டு தட்டுங்க.”